ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் பிரஷர் குறைவுன்னு எரர் கோடு (code) வருது, ஓவர்ஹால்தான் வழியா? கடலூர், புதுச்சேரி நண்பர்கள் சொல்லுங்க

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

வணக்கம். என்கிட்ட இருக்கிறது 2016 மாடல் டீசல் கார். 6 கியர், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) வெச்ச ஆட்டோமேட்டிக். 1 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. தினமும் கடலூர்லேர்ந்து புதுச்சேரி கோரிமேட்டுக்கு வேலைக்குப் போய்ட்டு வர்றேன். கன்னியக்கோவில், தவளக்குப்பம் வரைக்கும் அவ்வளவா பிரச்சினையில்ல. அரியாங்குப்பம் பாலத்துல நெரிசல்ல ஊர்ந்து போறப்பதான் தொல்லை. கால் பிரேக்குலேர்ந்து எடுத்தா வண்டி நகரவே யோசிக்குது. அப்புறம் ஒரு குலுக்கலோட கிளம்புது. ரெண்டுலேர்ந்து மூணுக்கு மாறுறப்ப ஆர்பிஎம் மட்டும் எகிறுது, வேகம் ஏறல. காலையில முதல்ல டி போட்டா கியர் விழ ரெண்டு மூணு செகண்டு ஆகுது.

சர்வீஸ் சென்டர்ல ஸ்கேன் போட்டாங்க. பி0868, கூடவே பி0730. "டிரான்ஸ்மிஷன் ஆயில் பிரஷர் லோ, கியர்பாக்ஸ் இறக்கி ஓவர்ஹால் பண்ணணும், ஒன்றரை லட்சத்துக்கு மேல ஆகும்" என்றார்கள். ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாத்தீங்களான்னு கேட்டேன். "இது சீல்டு கியர்பாக்ஸ் மேடம், டிப்ஸ்டிக்கே கிடையாது, ஆயில் வாழ்நாளுக்கும் வரும்" என்று பதில். கீழ ஒரு சொட்டுக்கூட ஒழுகலை, வீட்டு வாசல் சிமெண்டு தரையில கறையே இல்ல.

பணம் பெரிய தொகை. இறக்குறதுக்கு முன்னாடி வேற எதையாவது பாக்கணுமா?

ஊசுடேரி_ரைடர்:

ஆட்டோமேட்டிக் லட்சம் கிலோமீட்டர் தாண்டிட்டா இதுதான் நிலைமை. கோடு வந்தபிறகு செலவு பண்ணாதீங்க, எக்ஸ்சேஞ்சுல குடுத்துடுங்க.

பட்டறைக்காரர் (முதலியார்பேட்டை):

மேடம், அவசரப்பட்டு விக்கவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். நான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலைதான் பாக்குறேன். கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், பொறுமையா படிங்க.

பி0868 என்ன சொல்லுது? கம்ப்யூட்டர் இவ்வளவு பிரஷர் வேணும்னு கேக்குது, சென்சார் அதைவிடக் குறைவா காட்டுது. அவ்வளவுதான். ஏன் குறைஞ்சதுன்னு அந்தக் கோடுக்குத் தெரியாது. பி0730-ன்னா எந்த கியர்ல இருக்கணுமோ அந்த விகிதத்துல சுத்தலன்னு அர்த்தம், அதாவது உள்ள கிளட்ச் வழுக்குது. பிரஷர் இல்லாம கிளட்ச் வழுக்கியிருந்தா ரெண்டு கோடும் சேர்ந்து வரும். பிரஷர் ஏன் இல்லன்னு கண்டுபிடிக்காம கிளட்ச் செட்டை மாத்தினா, புது கிளட்சும் அதே பிரஷர்ல அதே மாதிரி தேஞ்சுடும்.

ஆட்டோமேட்டிக்ல எல்லா வேலையும் ஆயில் பிரஷரை நம்பித்தான். டார்க் கன்வெர்ட்டர் கழுத்து சுத்துறப்ப ஆயில் பம்பு சுத்தும். பம்பு, கியர்பாக்ஸ் அடியில இருக்கிற பேன்லேர்ந்து (ஆயில் தேங்குற தட்டு) ஃபில்டர் வழியா ஆயிலை இழுக்கும். ரெகுலேட்டர் வால்வு அதை அளவா வெச்சுக்கும், எவ்வளவு வேணும்னு சொலினாய்டு (கரண்ட்ல இயங்குற வால்வு) சொல்லும், வால்வு பாடி வழியா கிளட்சுகளுக்குப் போகும். இந்த வரிசையில எங்க கோளாறு இருந்தாலும் சென்சார் "பிரஷர் லோ" என்றுதான் சொல்லும்.

இதுல முதல்ல பாக்க வேண்டியதும் காசு குறைவானதும் ஆயில் மட்டம். கிணத்து மோட்டார்ல ஃபுட்வால்வு தண்ணிக்கு மேல வந்துட்டா காத்தை இழுக்குற மாதிரி, பேன்ல ஆயில் குறைஞ்சா பம்பு காத்தையும் சேர்த்து இழுக்கும். ஆயில் நுரைச்சுடும். நுரையில பிரஷர் நிக்காது. வளைவுல திரும்புறப்ப, பாலம் ஏறுறப்ப, பிரேக் அடிக்கிறப்ப ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கும், அப்ப இன்னும் மோசமாகும்.

எனக்கு இதெல்லாம் தெரியணும்:

வழுக்குறது எல்லா கியர்லயும் இருக்கா, குறிப்பிட்ட கியர்ல மட்டுமா? ரிவர்ஸ்ல எப்படி? வண்டி சூடான பிறகு அதிகமாகுதா குறையுதா? ஆர்பிஎம் ஏத்துனா கீழேருந்து "ம்ம்ம்"னு ஒரு முனகல் கேக்குதா? கடைசியா ரேடியேட்டர், பம்பர் பக்கம் ஏதாவது வேலை நடந்துச்சா? வண்டி அடியில பிளாஸ்டிக் அண்டர்கவர் இருக்கா?

கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க. கவர் இருந்தா ஒழுகுற ஆயில் கவருக்குள்ளயே தேங்கும், ஓடுறப்ப பின்னாடி பறந்துடும். வாசல்ல கறை தெரியாது.

கெடிலக்கரை:

சார், இவ்வளவு விவரமா எழுதினதுக்கு நன்றி. பதில்கள்: எல்லா கியர்லயும் இருக்கு, ரிவர்ஸ்லயும் லேட்டாதான் விழுது. பெரியகங்கணாங்குப்பம் பக்கம் பாலம் ஏறுறப்ப அதிகம். முனகல் இருக்கு, நான் டயர் சத்தம்னு நெனச்சிருந்தேன், நீங்க கேட்ட பிறகு நிறுத்தி வெச்சு ஆக்சிலேட்டர் குடுத்துப் பார்த்தேன், அப்பவும் கேக்குது. ரேடியேட்டர் வேலை எதுவும் நடக்கலை. அண்டர்கவர் இருக்கு.

பட்டறைக்காரர்:

எல்லா கியர்லயும் ஒரே மாதிரி, ரிவர்ஸ் உட்பட. அப்படின்னா ஒரு குறிப்பிட்ட கிளட்ச்சோட சீல் போனதுக்கான வாய்ப்பு குறைவு. ஒரே ஒரு கியர்ல மட்டும் வழுக்கினா அந்தக் கிளட்ச் வட்டத்துல கசிவுன்னு சந்தேகப்படணும். உங்களுக்கு எல்லாத்துக்கும் பொதுவான இடத்துல கோளாறு: ஆயில் மட்டம், ஃபில்டர், பம்பு, ரெகுலேட்டர், பிரஷர் சொலினாய்டு. நிறுத்தி வெச்சப்பவே முனகுதுன்னா பம்பு ஆயில் கிடைக்காம தவிக்குதுன்னு நெனைக்கிறேன்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா செய்யுங்க. இந்த நிலையில வண்டியை தினமும் ஓட்டாதீங்க. நுரை ஆயில்ல கிளட்ச் வழுக்கி வழுக்கி எரியும், அப்புறம் உண்மையாவே ஓவர்ஹால் வந்துடும். வழியில நின்னுட்டா கயிறு கட்டி இழுக்க விடாதீங்க, தட்டு வண்டியில (ஃபிளாட்பெட் லாரி) ஏத்துங்க. இன்ஜின் ஓடலன்னா பம்பு ஓடாது. சக்கரம் சுத்த சுத்த உள்ள ஆயில் இல்லாம தேயும்.

முதுநகர்_டீசல் (கடலூர் ஓல்டு டவுன்):

நான் துறைமுகத்துல விசைப்படகு இன்ஜின், கியர்பாக்ஸ் பாக்குறவன். கார் கியர்பாக்ஸ் என் வேலை இல்ல, ஆனா பிரஷர் விஷயம் ஒண்ணுதான். படகு கியர்ல கிளட்ச் பிடிக்கலன்னா நாங்க முதல்ல பிரஷர் கேஜ் மாட்டிப் பாப்போம். கடலுக்குள்ள போய் கிளட்ச் வழுக்கினா கரைக்கு வர்றது எப்படி? அதனால ஊகிச்சு வேலை செய்யுற பழக்கமே இல்ல.

கார் கியர்பாக்ஸ்லயும் உடம்புல ஒரு சின்ன பிளக் இருக்கும், அதைக் கழட்டி கேஜ் மாட்டலாம்னு கேள்விப்பட்டிருக்கேன். உண்மையா சார்? உண்மைன்னா அதைப் பாக்காம ஒன்றரை லட்சம் சொல்றது நியாயமே இல்லை.

பட்டறைக்காரர்:

உண்மைதாண்ணே. பெரும்பாலான டார்க் கன்வெர்ட்டர் கியர் பெட்டிகள்ல லைன் பிரஷர் (பம்புலேர்ந்து வர்ற முக்கிய பிரஷர்) டெஸ்ட் போர்ட்டு உண்டு. சர்வீஸ் மேனுவல்ல படம் போட்டு எந்த பிளக்குன்னு குடுத்திருப்பாங்க. 0-லேர்ந்து 300 பிஎஸ்ஐ வரை காட்டுற கேஜ் வேணும். ஏர் கம்ப்ரஸர் கேஜ் போட்டா ரிவர்ஸ் ஸ்டால் சோதனையில (கீழ சொல்றேன்) முள்ளு முட்டி நிக்கும். ஹோஸ் ஹைட்ராலிக் ஹோஸா இருக்கணும். மரையில அளவு வித்தியாசம் இருந்தா லேத்துல அடாப்டர் கடைஞ்சுக்கலாம்.

அளவு பெட்டிக்குப் பெட்டி மாறும். பொதுவா டி-யில ஐடில்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காதப்ப) 50-லேர்ந்து 80 பிஎஸ்ஐக்குள்ள இருக்கும். ரிவர்ஸ்ல அதைவிட அதிகம். பிரேக்கை முழுசா மிதிச்சு ஆக்சிலேட்டர் குடுக்குற ஸ்டால் சோதனையில ரொம்ப ஏறும், சில பெட்டிகள்ல ரிவர்ஸ்ல 250-ஐத் தாண்டும். ஸ்டால் 5 செகண்டுக்கு மேல கூடாது, ஆயில் கொதிச்சுடும். வீட்டு வாசல்ல யாரும் இதைச் செய்யாதீங்க. உங்க வண்டி மேனுவல் சொல்ற எண்ணுதான் கணக்கு, நான் சொன்னது ஒரு அடையாளத்துக்கு.

முள்ளு எவ்வளவு காட்டுதுங்கிறது பாதி சேதி. எப்படி நிக்குதுங்கிறது மீதி. முள்ளு நடுங்கினா ஆயில்ல காத்து. ஐடில்ல சரியா இருந்து ஆர்பிஎம் ஏத்துனா விழுந்தா ஃபில்டர் அடைப்பு, பம்பு கேக்குற அளவு ஆயில் வரலை. ஆறி இருக்கிறப்ப சரி, சூடானா விழுதுன்னா தேய்மானம், பம்புலயோ ரெகுலேட்டர் வால்வு ஓடுற துளையிலயோ, இல்லாட்டி ஆயில் தன் கனத்தை இழந்து தண்ணியா ஆகியிருக்கணும். பிரஷர் கச்சிதமா இருந்தும் வழுக்குதுன்னா மட்டும்தான் கிளட்ச் போச்சுன்னு நம்பி இறக்கலாம்.

வெள்ளிக்கடற்கரை:

இவ்வளவு பாடம் தேவையா? பிரஷர் குறைவுக்குன்னே டப்பாவுல ஒரு திரவம் விக்குது. ஊத்தினா சீல் உப்பி, கசிவு நின்னுடும். என் மாமா வண்டிக்கு ஊத்தி நல்லா ஓடுது. இல்லன்னா மெஷின் போட்டு பழைய ஆயிலை ஃபிளஷ் அடிச்சிருங்க, ஒரே நாள்ல முடிஞ்சிடும்.

பட்டறைக்காரர்:

தம்பி, சீல் உப்பவைக்கிற திரவம் பழைய ரப்பரை மெத்துன்னு ஆக்கி கொஞ்ச நாள் தள்ளும். இவங்க ஆயில் எங்க போகுதுன்னே இன்னும் தெரியலை. குழாய்ல ஓட்டை இருந்தா அந்தத் திரவமும் அதே ஓட்டை வழியாத்தான் போகும்.

ஃபிளஷ் பத்தி: ஆயில் மாத்துற தவணைக்கு மெஷின் போடுறது வேற, கோளாறு இருக்கிற பெட்டிக்குப் போடுறது வேற. பேன் திறந்து என்ன படிஞ்சிருக்குன்னு பாக்காம ஃபிளஷ் அடிச்சா, கோளாறு சொல்ற தடயமே கழுவிப் போயிடும். பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில ஒத்திப் பாக்கணும், மோந்து பாக்கணும், பேனுக்குள்ள இருக்கிற காந்தத்துல என்ன ஒட்டியிருக்குன்னு பாக்கணும். அதைப் பாக்காம எந்த மெஷினும் வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

லாஸ்பேட்டை_விரிவுரை:

நான் இயந்திரவியல் கற்பிக்கிறேன். பட்டறைக்காரர் சொன்னதோடு ஆயில் வகை பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. பழைய டெக்ஸ்ரான் 3 வகை 100 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 7 முதல் 7.5 சென்டிஸ்டோக் பாகுநிலை கொண்டது. டொயோட்டாவின் டபிள்யூஎஸ் போன்ற மெல்லிய வகைகள் 5.5 அளவில்தான் இருக்கும். கனமானதற்காக வடிவமைத்த பெட்டியில் மெல்லியதை ஊற்றினால் சூட்டில் கசிவு கூடி அழுத்தம் இறங்கும். உராய்வுத் தன்மையும் வேறு, அதனால் கியர் மாறும்போது குலுக்கல் வரும். சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பட்டையும் உருளைகளும் கொண்டு இயங்கும் ஆட்டோமேட்டிக்) பெட்டிக்குச் சாதாரண ஏடிஎஃப் ஊற்றுவது இன்னும் ஆபத்து. அங்கே இரும்புப் பட்டையை உருளைகள் அழுத்திப் பிடிப்பதே ஆயில் அழுத்தத்தால்தான், ஒரு முறை பட்டை வழுக்கினாலே உருளையின் முகம் கீறிவிடும். சிவிடி வைத்திருப்பவர்கள் பி0868 வந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டுங்கள்.

கெடிலக்கரை அவர்களே, முன்பு யாராவது உங்கள் பெட்டியில் ஆயில் மாற்றினார்களா?

கெடிலக்கரை:

இல்லீங்க சார். வாழ்நாளுக்கும் வரும்னு சொன்னதால வாங்கின நாள்லேர்ந்து மாத்தினதே இல்ல.

பட்டறைக்காரர்:

அந்த "வாழ்நாள்" சொல்லுக்கு எங்க ஊர் வெயில் ஒத்துவராது. மே மாசத்துல 40 டிகிரி, நெரிசல்ல ஊர்ந்து போறது, ஏசி ஓடுது. இதையெல்லாம் மேனுவல்லயே கடுமையான பயன்பாடுன்னு தனியா போட்டு, ஆயில் மாத்துற கிலோமீட்டரும் குடுத்திருக்கிற வண்டிகள் நிறைய. கடைசிப் பக்கங்கள்ல சின்ன எழுத்துல இருக்கும், எடுத்துப் பாருங்க.

பாகூர்_பழைய_வண்டி:

இழைக்குள்ள புகுந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும். என்னுது ஏஎம்டி வண்டி. கதவைத் திறந்தாலே கீழ "விர்ர்"னு ஒரு சத்தம் வரும். இப்ப ஓட்டுறப்பவும் அடிக்கடி அந்தச் சத்தம் வருது, சில நேரம் கியர் விழாம நியூட்ரல்ல நிக்குது. எனக்கும் இந்த பிரஷர் சோதனை பொருந்துமா?

பட்டறைக்காரர்:

உங்களுது முற்றிலும் வேற வகை. ஏஎம்டின்னா உள்ள இருக்கிறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்ச் மிதிக்கிறதையும் கியர் போடுறதையும் ஒரு ஹைட்ராலிக் யூனிட் செய்யுது. அதுக்குத் தனி டப்பா, தனி ஆயில். கதவைத் திறந்தா வர்ற சத்தம் அந்த மோட்டார் பிரஷர் ஏத்தி வெச்சுக்குற சத்தம், அது சகஜம். அடிக்கடி ஓடுதுன்னா ஏத்தின பிரஷர் நிக்கலன்னு அர்த்தம்: அக்குமுலேட்டர் (பிரஷரைச் சேத்து வெக்கிற பாகம்) பலம் குறைஞ்சிருக்கும், இல்லன்னா கசிவு. டப்பாவுல மட்டம் பாருங்க. பேட்டரி வோல்டேஜையும் பாருங்க, பேட்டரி சோர்ந்தாலும் இதே கூத்துதான். அந்த யூனிட்ல அழுத்தம் ரொம்ப அதிகம், பைப்பை நீங்களா கழட்டாதீங்க. தனி இழை போடுங்க, வந்து எழுதுறேன்.

கெடிலக்கரை:

வண்டியைத் தட்டு வண்டியில ஏத்தி முதலியார்பேட்டை பட்டறைக்கே கொண்டு போயாச்சு. பக்கத்துலயே நின்னு பார்த்ததை எழுதுறேன், வேற யாருக்காவது பயன்படும்.

அண்டர்கவரைக் கழட்டினதும் காரணம் பாதி தெரிஞ்சுடுச்சு. கவரோட உள்பக்கம் முழுக்க செம்மண்ணும் ஆயிலும் குழைஞ்ச பிசுக்கு. ரேடியேட்டருக்குப் போற ரெண்டு இரும்புக் குழாய் இருக்கு, கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்க. அந்தக் குழாயை உடம்போட பிடிச்சு வெக்கிற ரப்பர் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால நெம்பி எடுத்தாரு. கிளிப்புக்கு ரெண்டு பக்கமும் குழாய் பளபளன்னு இருக்கு. கிளிப்பு மூடியிருந்த ஒரு அங்குலம் மட்டும் துரு பொருக்கு பொருக்கா உரியுது. இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடிச்சா, அந்தப் பொருக்குக்கு நடுவுல ஊசி முனை அளவு ஈரம். மயிரிழை மாதிரி ஒரு தாரை பின்பக்கமா அடிக்குது. இன்ஜினை நிறுத்தினதும் நின்னுடுச்சு. வாசல்ல ஏன் கறை இல்லன்னு அப்பதான் புரிஞ்சுது.

முதுநகர்_டீசல்:

உப்புக்காத்துதாங்க. எங்க பக்கம் எல்லா வண்டிக்கும் இதே இடத்துலதான் வரும். திறந்த இடத்துல இருக்கிற உப்பை மழை கழுவிடும். கிளிப்புக்கு உள்ள போன உப்பும் ஈரமும் வெளிய வராது, காயவும் காயாது. பிரேக் பைப்பு, பவர் ஸ்டியரிங் பைப்பு எல்லாத்துக்கும் கிளிப்பைத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க. ஒரு இடத்துல வந்திருந்தா மத்த இடத்துலயும் வந்திருக்கும். பிரேக் பைப்பு உடைஞ்சா உயிர் விஷயம்.

கெடிலக்கரை:

பார்த்தாங்க அண்ணே. பின் பிரேக் பைப்புல ஒரு கிளிப்புக்கு அடியில துரு ஆரம்பிச்சிருக்கு. அதையும் மாத்தச் சொல்லிட்டேன். நல்ல நேரத்துல சொன்னீங்க.

பட்டறைக்காரர்:

மீதியை நான் எழுதுறேன், எண்ணெல்லாம் என் நோட்டுல இருக்கு.

ஆயில் ஊத்துறதுக்கு முன்னாடியே கேஜ் மாட்டினேன். டி-யில ஐடில்ல 30-க்கும் 40-க்கும் நடுவுல முள்ளு நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. இந்தப் பெட்டிக்கு மேனுவல் கேக்குறது 55-லேர்ந்து 65. நடுக்கம் காத்துக்கான அடையாளம்.

துருப்பிடிச்ச குழாயை ரெண்டையும் புதுசா மாத்தினோம். நடுவுல வெட்டிட்டு ரப்பர் ஹோஸ் போட்டு ஒட்டுறவங்க உண்டு. அப்படிச் செய்யணும்னா கியர் ஆயில் கூலருக்குன்னே வர்ற ஹோஸா இருக்கணும், குழாய் முனையில விளிம்பு தூக்கி இருக்கணும். பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டுல ஊறி உப்பி ஒரு நாள் ஈசிஆர் நடுவுல கழண்டு போயிடும். அப்ப சில நிமிஷத்துல மொத்த ஆயிலும் ரோட்டுல.

அப்புறம் மட்டம். டிப்ஸ்டிக் இல்லன்னா மட்டம் பாக்க முடியாதுன்னு சொல்றது தப்பு, மட்ட பிளக்கு இருக்கு. வண்டியை நாலு பக்கமும் சமமா தூக்கணும். இன்ஜின் ஓடணும். பிரேக்கை மிதிச்சு லீவரை பி-லேர்ந்து ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்தி மெதுவா டி வரைக்கும் கொண்டுபோய் திரும்பவும் பி-க்கு வரணும். ஸ்கேனர்ல ஆயில் சூட்டைப் பாத்துக்கிட்டே இருக்கணும். இந்தப் பெட்டிக்கு 50-லேர்ந்து 60 டிகிரி. சில பெட்டிகளுக்கு 40 டிகிரி பக்கம். அந்தச் சூட்டுல பிளக்கைக் கழட்டினா மெல்லிசா, விடாம ஒரு தாரை வரணும். வந்தா மட்டம் சரி. எதுவுமே வரலன்னா குறைவு. இவங்களுக்கு ஒரு சொட்டு வரலை. 1.3 லிட்டர் ஊத்தின பிறகுதான் தாரை வந்துச்சு.

சூடு ஏன் முக்கியம்னா, ஆயில் சூட்டுல விரியும். 80, 90 டிகிரியில திறந்தா தேவையான ஆயிலும் வழிஞ்சு போயிடும், பிற்பாடு குறைவுதான். ஆறி இருக்கிறப்ப தாரை வர்ற வரைக்கும் ஊத்தினா சூடானதும் அளவு கூடிடும். கூடினாலும் கியருங்க அதைக் கடைஞ்சு நுரையாக்கும், பிரஷர் மறுபடியும் விழும். இன்ஜினை நிறுத்திட்டுத் திறந்தா கன்வெர்ட்டர் ஆயில் பேனுக்கு இறங்கி ஏகத்துக்கும் கொட்டும், அதைப் பாத்து "நிறைய இருக்கு"ன்னு சொல்லிடுவாங்க.

மட்டம் சரியானதும் முள்ளு நடுக்கம் நின்னுடுச்சு. 58. முனகலும் இல்ல. ஆனா ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்து பாத்தா 51. மேனுவலுக்குக் கீழ.

லாஸ்பேட்டை_விரிவுரை:

சூட்டில் 51 என்றால் பம்பு தேய்மானமாகவும் இருக்கலாமே? அதை எப்படி விலக்கினீர்கள்?

பட்டறைக்காரர்:

சொலினாய்டு கனெக்டரைக் கழட்டிப் பாத்தேன் சார். நிறைய பெட்டிகள்ல பிரஷர் சொலினாய்டுக்கு கரண்ட் போகலன்னா லைன் பிரஷர் முழு அளவுக்கு ஏறிடும், பாதுகாப்புக்காக அப்படி வெச்சிருக்காங்க. எல்லாப் பெட்டியும் அப்படி இல்ல, மேனுவல் பாத்துட்டுத்தான் செய்யணும். வண்டி சூடா இருக்கிறப்பவே கழட்டினேன், ஐடில்ல முள்ளு 150-ஐத் தாண்டி நின்னுச்சு. தேஞ்ச பம்பு சூட்டுல அவ்வளவு தராது. பம்பு திடமா இருக்கு.

அதுக்கப்புறம்தான் பேனை இறக்கினேன். ஆயில் காபித் தூள் நிறம், லேசா தீஞ்ச வாசனை. கருகல் இல்ல. காந்தம் ரெண்டுலயும் சாம்பல் நிற களிம்பு, விரல்ல தேச்சா நைஸா மாவு மாதிரி. இது சாதாரணத் தேய்மானம். ஜிகினா மாதிரி மின்னுற செதிலோ, பித்தளைத் துணுக்கோ, கிளட்ச்சோட கருப்பு நாரோ இருந்திருந்தா நானே இறக்கிடலாம்னு சொல்லியிருப்பேன். இந்தப் பெட்டியில ஃபில்டர் பேனோடவே வெளிய வரும். எல்லாப் பெட்டியும் இப்படி இல்ல, சிலதுல பெட்டியைப் பிளந்தாதான் ஃபில்டர். புது ஃபில்டர், மேனுவல்ல சொன்ன அதே வகை ஆயில், பிளக்குக்குப் புது வாஷர். பேன் இறக்கினா கிட்டத்தட்ட பாதி ஆயில்தான் வெளிய வரும், மீதி கன்வெர்ட்டர்ல தங்கிடும். அதனால கொஞ்சம் ஓடவிட்டு இன்னொரு முறை வடிச்சு ஊத்தினோம்.

மறுபடி சூடாக்கிப் பாத்தா டி-யில 57, ரிவர்ஸும் அளவுக்குள்ள. கோடு அழிச்சு, கியர் மாறுறதைக் கம்ப்யூட்டர் புதுசா கத்துக்குற முறையையும் ஸ்கேனர்ல செஞ்சாச்சு.

லாஸ்பேட்டை_விரிவுரை:

நல்ல ஒழுங்கான வேலை. ஒரு நெருடல் மட்டும்: 51 எதனால் 57 ஆனது, ஆயிலாலா, ஃபில்டராலா? ஐடிலில் கனெக்டரைக் கழற்றியபோது 150 வந்தது என்றால் ஃபில்டர் பெரிதாக அடைத்திருக்கவில்லை என்று நான் ஊகிப்பேன்.

பட்டறைக்காரர்:

நானும் ஆயில்னுதான் சொல்லுவேன் சார். நுரைச்சு நுரைச்சு சூடாகி மெலிஞ்ச ஆயில் வால்வு இடுக்கு வழியா கசியும். ஐடில்ல பம்பு இழுக்குறது கம்மி, ஃபில்டர் அடைப்பு இருந்தாலும் அங்க தெரியாது. பிரிச்சுச் சொல்லணும்னா ஒண்ணொண்ணா மாத்தி அளக்கணும், அதுக்கு ரெண்டு மடங்கு ஆயிலும் கூலியும் ஆகும். பேன் ஒரு முறை இறங்கினா ஃபில்டரையும் சேர்த்து மாத்துறதுதான் வாடிக்கையாளருக்கு லாபம்.

கெடிலக்கரை:

குழாய், ஃபில்டர், ரெண்டு தவணை ஆயில், கூலி, பிரேக் பைப்பு எல்லாம் சேர்த்து 24 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது. அரியாங்குப்பம் பாலத்துல நெரிசல்ல விட்டு விட்டுப் போனேன், ஒரு குலுக்கல் இல்ல. பாதுகாப்புக்கு மாசம் ஒரு முறை அண்டர்கவர் மூடியைத் திறந்து குழாயைப் பாக்கச் சொல்லியிருக்காரு. எல்லாருக்கும் மனசார நன்றி.

ஊசுடேரி_ரைடர்:

மேடம், சரியானதுல சந்தோஷம். பட்டறைக்காரர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஒரு செகண்ட் ஹேண்டு ஆட்டோமேட்டிக் பாக்குறேன். வண்டி ரெயின்போ நகர்ல இருந்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ராத்திரி அந்தப் பக்கம் தண்ணி நின்னது எல்லாருக்கும் தெரியும். விக்கிறவர் "கதவு வரைக்கும்தான் தண்ணி, இன்ஜினுக்குள்ள போகலை"ன்னு சொல்றார். கியர்பாக்ஸுக்கு என்ன பாக்கணும்?

பட்டறைக்காரர்:

இன்ஜினுக்குள்ள போகலன்னு சொல்றது கியர்பாக்ஸுக்கு ஆறுதல் இல்ல. பெட்டி மேல காத்துப் போக்கிக் குழாய் ஒண்ணு இருக்கும். சூடா ஓடின வண்டி தண்ணிக்குள்ள நின்னா உள்ள இருக்கிற காத்து ஆறிச் சுருங்கும், அந்தக் குழாய் வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். கதவு அளவுக்கு தண்ணின்னா அந்தக் குழாய் முனை மூழ்கியிருக்க வாய்ப்பு இருக்கு.

மட்ட பிளக்கைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் பிடிங்க. ஆயில் தெளிவா இருக்கணும். ரோஸ்மில்க் நிறத்துல கலங்கலா இருந்தா தண்ணி கலந்திருக்கு. ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கூலர் ஓட்டையானாலும் இதே நிறம்தான், அதனால கூலன்ட் டப்பாவையும் திறந்து மேல எண்ணெய் மிதக்குதான்னு பாருங்க. ஆயில் புதுசா பளிச்சுன்னு இருந்தாலும் எப்ப, ஏன் மாத்தினாங்கன்னு பில்லோட கேளுங்க. கிளட்ச் தட்டுல இருக்கிற உராய்வுப் படலம் காகித வகை, பசையால ஒட்டினது. தண்ணி பட்டா அந்தப் பசை விட்டுடும். ஆயில் மாத்தின பிறகு நல்லாத்தான் ஓடும், சில மாசம் கழிச்சு படலம் உரிஞ்சு வந்து ஃபில்டரை அடைக்கும், அப்ப இதே பி0868 வரும்.

பேன் இறக்கிக் காந்தம் பாக்க விக்கிறவர் சம்மதிச்சா மட்டும் மேல பேசுங்க. கருப்பு நார் ஒண்ணு ரெண்டு கிடந்தாலும் அந்த வண்டி வேண்டாம், விலை எவ்வளவு குறைச்சாலும்.

ஊசுடேரி_ரைடர்:

பேன் இறக்க ஒத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டார். வேற வண்டி பாக்குறேன் அண்ணே.